தறிமேடையிலிருந்து எம்.ஆர்.ஐ. அறை வரை: பிட்யூட்டரிக் கட்டியைக் கண்டறிவதில் உள்ள சிக்கல்கள்

காஞ்சிபுரம் பட்டில் கோர்வை போடுவது கண்ணை நம்பிய வேலை. உடலுக்கு ஒரு நிறம், கரைகளுக்கு வேறு நிறம், மூன்று நாடா. உடல் ஊடையும் கரை ஊடையும் சந்திக்கும் இடத்தில் இழைக்கு இழை பூட்டு விழ வேண்டும். பிள்ளையார்பாளையத்துக் குழித்தறிகளில் உட்கார்ந்திருப்பவர்கள் நாள் முழுவதும் கைக்கெட்டும் தூரத்திலேயே பார்வையைக் குவித்திருக்கிறார்கள். மூளையின் அடிப்புறத்தில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி பெரிதாகும்போது அது கெடுப்பது இந்தப் பார்வையைத்தான். நெசவூரில் இது அதிகம் பேசப்படாத செய்தி.

இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் பிட்யூட்டரிக்குச் சற்று மேலே குறுக்காகச் சந்திக்கின்றன. கட்டி கீழிருந்து மேலே தள்ளும்போது அந்தச் சந்திப்பின் நடுவில் ஓடும் நரம்பு நார்கள் நசுங்குகின்றன. இரண்டு கண்ணிலும் காதுப்பக்கப் பார்வை மங்கத் தொடங்குகிறது. நேராகப் பார்ப்பது தெரியும், ஓரத்தில் வருவது தெரியாது. கதவு நிலையில் தோள் இடிக்கும். பக்கவாட்டில் வரும் வண்டி திடீரென்று முளைத்தது போலிருக்கும். இதோடு இன்னொரு சங்கடமும் உண்டு. அருகிலுள்ள ஒரு புள்ளியில் இரு கண்ணையும் குவிக்கும்போது, அந்தப் புள்ளிக்குச் சற்று அப்பால் இருக்கும் இடம் இரு கண்களுக்கும் காதுப்பக்கப் புலத்திலேயே விழுகிறது. அந்தப் புலத்தை இழந்தவருக்கு உற்றுப் பார்க்கும் பொருள் தெரியும், அதற்கு ஒரு விரற்கடை பின்னால் இருப்பது மறைந்துவிடும். ஊசியில் நூல் கோப்பதும் நகம் வெட்டுவதும் சிரமமாகும். அறுந்த பாவு இழையை எடுத்து அச்சுப் பல்லில் கோப்பவருக்கு அது எப்படிப்பட்ட தொல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இவர் கண் பரிசோதனைக்குப் போனால் சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார்கள். மையப் பார்வை கெடாதவரை கடைசி வரி வரை படித்துவிடுவார். வயது நாற்பதைத் தாண்டியிருந்தால் வெள்ளெழுத்துக் கண்ணாடி கிடைக்கும், ஐம்பதைத் தாண்டியிருந்தால் கண்புரை என்ற பதில் தயாராக இருக்கும். பார்வை நரம்பு வெளிறியிருப்பதைக் கவனிக்கும் மருத்துவர்கூடச் சிலசமயம் அதைக் கண்நீர் அழுத்த நோயாக எண்ணிச் சொட்டுமருந்து தொடங்கிவிடுவார். புல வரைபடம் எடுத்தால் வேறுபாடு தெரியும்: கண்நீர் அழுத்த நோயில் இழப்பு கிடைக்கோட்டை ஒட்டி நிற்கும், பிட்யூட்டரிக் கட்டியில் செங்குத்துக் கோட்டை ஒட்டி நிற்கும். அந்தக் கருவி இல்லாத முகாமிலும் இரண்டு நிமிடத்தில் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு மருத்துவரின் மூக்கைப் பார்க்கச் சொல்லி, சிவப்புத் தலை கொண்ட குண்டூசியை நடுக்கோட்டின் இரு பக்கமும் காட்ட வேண்டும். இந்த நரம்புகள் நசுங்கும்போது முதலில் மங்குவது பெரும்பாலும் சிவப்புதான். காதுப்பக்கத்தில் அது சாயம் போனதாகத் தெரிந்தால் கண்ணாடியை மாற்றுவதோடு நிறுத்தக் கூடாது. அரக்குச் சிவப்பையும் மாம்பழ மஞ்சளையும் நாள்தோறும் கையாளும் ஊரில், நெசவாளர்களுக்கான கண் முகாம்களில் இந்தச் சோதனை கட்டாயமாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிட்யூட்டரி ஒரு பட்டாணி அளவுதான், எடை அரை கிராமை ஒட்டி. ஆனால் தைராய்டு, அட்ரீனல், சூலகம், விந்தகம், எலும்பு வளர்ச்சி, பால் சுரப்பு, உடலின் நீர்ச் சமநிலை எல்லாம் இதன் உத்தரவில் இயங்குகின்றன. இதில் தோன்றும் கட்டிகளில் ஆகப்பெரும்பாலானவை புற்றுநோயல்ல, அடினோமா என்னும் மெதுவாக வளரும் கட்டிகள். 10 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சிறு அடினோமா, அதற்கு மேல் பெரு அடினோமா. சில கட்டிகள் ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கும். சில எதையும் சுரக்காமல் இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும்.

இங்கேதான் முதல் பெரிய முரண். பிரேதப் பரிசோதனைகளையும் ஸ்கேன் ஆய்வுகளையும் தொகுத்து 2004-ல் வெளியான பகுப்பாய்வின்படி, ஏறத்தாழ 16.7 விழுக்காட்டினருக்குப் பிட்யூட்டரியில் ஏதோ ஒரு சிறு கட்டி இருக்கிறது. ஆறு பேரில் ஒருவர்! ஆனால் பெல்ஜியத்தின் லியேஜ் பகுதியில் நோயாளிகளைத் தேடி 2006-ல் வெளியிடப்பட்ட கணக்கில், மருத்துவ ரீதியில் பொருட்படுத்த வேண்டிய கட்டி 1,064 பேரில் ஒருவருக்கு மட்டுமே இருந்தது. 2011 கணக்கெடுப்பில் காஞ்சிபுரம் நகரத்தின் மக்கள்தொகை 1.64 லட்சத்துக்குச் சற்று அதிகம். பெல்ஜிய விகிதத்தை அப்படியே இங்கே பொருத்துவது சரியல்ல என்றாலும், ஓர் அளவு தெரிவதற்காகப் பொருத்திப் பார்த்தால் நகரத்தில் 150 பேர் வருகிறார்கள். வெறும் புள்ளியாகச் சிறு கட்டி உள்ளவர்கள் என்றால் 27 ஆயிரம். புள்ளி உள்ள எல்லோரையும் நோயாளியாக்கினால் ஊரே பயத்தில் உறையும். புள்ளி சாதாரணம் என்று எல்லோரையும் அனுப்பிவிட்டால் அந்த 150 பேரும் தவறிப்போவார்கள். நோயறிதல் நடக்க வேண்டியது இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான்.

அந்த 150 பேர் ஏன் தவறிப்போகிறார்கள்? அவர்களுடைய ஒவ்வொரு தொந்தரவுக்கும் ஊரில் ஏற்கெனவே ஒரு காரணம் இருக்கிறது என்பதால். அக்ரோமெகலியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு மருத்துவர் பியர் மரீ 1886-ல் பெயரிட்ட நோய். வளர்ந்து முடிந்த ஒருவரின் உடலில் வளர்ச்சி ஹார்மோன் மீண்டும் பெருக்கெடுக்கும்போது கை, கால், தாடை, மூக்கு, நாக்கு எல்லாம் தடிக்கின்றன. மணிக்கட்டில் நரம்பு இறுகி விரல்கள் மரத்துப்போகும். தறியில் உட்கார்பவர் இதைச் சொன்னால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: நாடா தள்ளித் தள்ளி வந்தது. முட்டி வலிக்குக் குழித்தறி, தலைவலிக்குக் கண் அழுத்தம், வியர்வைக்கு வெயில், குறட்டைக்கு உடல் பருமன். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் குடும்பச் சொத்து. ஒவ்வொரு காரணமும் பெரும்பாலான நேரம் உண்மையாகவே இருக்கும் என்பதுதான் இதில் வேதனை. தறி வேலை செய்யும் நூறு பேரின் விரல் மரத்துப்போனால், ஏறக்குறைய எல்லோருக்கும் தறிதான் காரணம். அபூர்வமான ஒருவர் அந்தக் கூட்டத்தில் கரைந்துவிடுகிறார். அக்ரோமெகலி தொடங்கியதற்கும் கண்டறியப்படுவதற்கும் இடையில் 5 முதல் 10 ஆண்டுகள் கடந்துவிடுகின்றன என்று உலகின் பல பகுதிகளிலிருந்தும் வரும் ஆய்வுகள் சொல்கின்றன. பொதுமேடையில் நின்றவர்களுக்கே இது நேர்ந்திருக்கிறது. இமாச்சலப் பிரதேசத்தில் பிறந்து மல்யுத்தத்தில் உலகப் புகழ் பெற்ற ‘தி கிரேட் காளி’ தலீப் சிங் ராணாவுக்கு 2012-ல், நாற்பதை நெருங்கும் வயதில்தான், அமெரிக்காவில் பிட்யூட்டரிக் கட்டி அகற்றப்பட்டது.

முகம் அங்குலம் அங்குலமாக மாறும்போது கூடவே இருப்பவர்களுக்கு அது தெரியாது. ஐந்து வருடம் கழித்து ஊருக்கு வந்த உறவினர் கேட்பார்: என்னடா, முகமே மாறிப்போச்சு? எனவே மருத்துவர் கேட்க வேண்டியவை வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவாருங்கள். கல்யாண மோதிரம் இன்னும் விரலில் ஏறுகிறதா? மெட்டியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்றா? செருப்பு எத்தனை நம்பர் கூடியிருக்கிறது? பல்லுக்குப் பல் இடைவெளி விழுந்திருக்கிறதா? செலவே இல்லாத இந்தக் கேள்விகளை நான் எந்த ஸ்கேனுக்கும் குறைவாக மதிக்க மாட்டேன்.

சந்தேகம் வந்தபின் செய்யும் ரத்தப் பரிசோதனையிலும் கண்ணி உண்டு. வளர்ச்சி ஹார்மோன் நாளெல்லாம் அலையலையாக ஏறி இறங்குவதால், ஒருமுறை ரத்தம் எடுத்து அளப்பதில் பொருளில்லை. அதன் தூண்டுதலால் கல்லீரல் சுரக்கும் ஐ.ஜி.எஃப்.-1 நிலையாக இருக்கும். எனவே அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஆனால் சர்க்கரை கட்டுப்பாடு இல்லாமல் எகிறிக் கிடப்பவருக்கு, ஊட்டமில்லாதவருக்கு, கல்லீரல் நோயுள்ளவருக்கு ஐ.ஜி.எஃப்.-1 பொய்யாகக் குறைந்து காட்டும். அக்ரோமெகலியே சர்க்கரையைக் கிளப்பும் நோய் என்பதை நினைத்துப் பாருங்கள். நோய் உண்டாக்கிய சர்க்கரையே நோயை மறைத்துவிடுகிறது. சர்க்கரையை அடக்கிவிட்டு மறுபடி அளப்பது, தேவைப்பட்டால் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து வளர்ச்சி ஹார்மோன் அடங்குகிறதா என்று பார்ப்பது என்று பொறுமையாகப் போக வேண்டியிருக்கிறது. வயதுக்கேற்ற அளவுகோல் இல்லாமல் அச்சிடப்பட்ட ஆய்வகச் சீட்டை வைத்து முடிவு கட்டவும் கூடாது. இருபது வயதுக்காரருக்குச் சரியான அளவு அறுபது வயதுக்காரருக்கு மிகையானது.

பிட்யூட்டரிக் கட்டிகளில் அடிக்கடி காணப்படுவதும், நம் ஊரில் அதிகமாகக் குழப்பப்படுவதும், பால் சுரப்புக்கான ஹார்மோனாகிய புரோலாக்டினைச் சுரக்கும் கட்டி. பெண்ணுக்கு மாதவிலக்கு நிற்கும், பிள்ளை பெறாமலே மார்பில் பால் கசியும், குழந்தை தள்ளிப்போகும். குழந்தைக்காகச் சிகிச்சை தேடும்போது புரோலாக்டின் அளக்கப்படுவதால் பெண்களில் இது ஓரளவு சீக்கிரம் வெளிவருகிறது. ஆனால் ‘பி.சி.ஓ.டி.’ என்ற சீட்டு ஒட்டப்பட்ட பின் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. ஆண்களின் நிலை இன்னும் மோசம். ஆசை குறைவதையும் ஆண்மைக் குறைவையும் எந்த ஆணும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொன்னால் லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்ப்பவரிடம் போகிறார். பார்வை மங்கும் அளவுக்குக் கட்டி பெரிதான பிறகுதான் ஆண்கள் பெரும்பாலும் வந்து சேர்கிறார்கள்.

மறுபக்கம், கட்டியே இல்லாமல் புரோலாக்டின் ஏறுவதற்குக் காரணங்கள் ஏராளம். கர்ப்பம், தாய்ப்பால், சிறுநீரகச் செயலிழப்பு, தைராய்டு குறைபாடு. இவற்றைவிடவும் நம் தெருக்களில் முன்னால் நிற்பவை மாத்திரைகள். மருந்துக்கடையில் ‘கேஸ் மாத்திரை’ என்று கேட்டு வாங்கும் பலவற்றில் டொம்பெரிடோனோ லெவோசல்பிரைடோ கலந்திருக்கும். இரண்டுமே புரோலாக்டினை ஏற்றும். மனநல மருந்தான ரிஸ்பெரிடோனும் ஏற்றும். வயிறு உப்புசத்துக்கு மாதக்கணக்கில் காலையில் ஒரு கேப்சூல் போடும் பெண்ணுக்குப் புரோலாக்டின் 100 நானோகிராமைத் தொட்டது என்று வையுங்கள். அடுத்து எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். ஆறில் ஒருவருக்கு உள்ள அந்தத் தற்செயல் புள்ளி அவருக்கும் இருந்துவிட்டால் கதை முடிந்தது: ‘மூளையில் கட்டி’. கேப்சூலை நிறுத்தி மூன்று நாள் கழித்து மறுபடி அளந்திருந்தால் எண் இறங்கியிருக்கும். மனநல மருந்தை மட்டும் அப்படித் தானாக நிறுத்தக் கூடாது, எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். ‘என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?’ என்று கேட்டால் சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் சொல்வார்கள். கேஸ் மாத்திரையை யாரும் மாத்திரையாகவே கருதுவதில்லை. அட்டைகளை எடுத்துவரச் சொல்லிக் கண்ணால் பார்ப்பதுதான் வழி.

ஆய்வகக் கருவி ஏமாறும் இடங்கள் மூன்று. புரோலாக்டின் சிலருக்கு எதிர்ப்பொருளோடு ஒட்டிப் பெரிய மூலக்கூறாகச் சுற்றிக்கொண்டிருக்கும். உடலில் அதற்கு வேலை கிடையாது, எண்ணை மட்டும் ஏற்றிக் காட்டும். தொந்தரவே இல்லாமல் எண் மட்டும் அதிகமாக இருப்பவரின் ரத்தத்தில் இதைத் தனியாகப் பிரித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். இரண்டாவது, முடி உதிர்வுக்காக விற்கப்படும் பயோட்டின் மாத்திரை. அதிக அளவில் சாப்பிட்டால் சில கருவிகளில் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச்., புரோலாக்டின் போன்றவற்றைக் குறைத்தும் தைராய்டு ஹார்மோனான தைராக்சினைக் கூட்டியும் காட்டும். மூன்றாவதுதான் ஆபத்தானது. கட்டி மிகப் பெரிதாகி புரோலாக்டின் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது, அளக்கும் இரண்டு எதிர்ப்பொருள்களும் தனித்தனியே நிரம்பிப்போய், ஒன்றோடொன்று சேர முடியாமல், கருவி 80 என்றோ 120 என்றோ சொல்லிவிடும். மாதிரியை நூறு மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி அளந்தால்தான் உண்மை வெளிப்படும்.

அந்த ஒரு எண்ணில் என்ன இருக்கிறது? பெரிய கட்டியும் சிறிதளவே ஏறிய புரோலாக்டினும் சேர்ந்தால், எதையும் சுரக்காத கட்டி பிட்யூட்டரியின் காம்பை அழுத்துவதால் வந்த ஏற்றம் என்று எடுத்துக்கொண்டு மூக்கின் வழியாக அறுவை சிகிச்சைக்கு அனுப்புவார்கள். 200, 250 நானோகிராமுக்கு மேல் இருந்தால் அது புரோலாக்டின் கட்டியாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அதற்கு முதல் சிகிச்சை கேபர்கோலின் மாத்திரை. பல பேருக்கு மாத்திரையிலேயே கட்டி சுருங்கிப் பார்வையும் திரும்புகிறது. ஆக, ஒரு துளி ரத்தத்தை நீர்த்து அளக்காத ஒரே காரணத்தால், மாத்திரையில் தீர வேண்டியவர் அறுவை மேசைக்குப் போகக்கூடும். ஆய்வகத்துக்கு அனுப்பும் சீட்டில் ‘பெரிய கட்டி, நீர்த்து அளக்கவும்’ என்று எழுதினால் போதும்.

கஷிங் நோயை விட்டுவிட முடியாது. கண்டறியக் கடினமானவற்றில் இதற்கே முதலிடம். அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஹார்வி கஷிங் 1932-ல் விவரித்தது: பிட்யூட்டரியில் சில மில்லிமீட்டர் அளவே உள்ள கட்டி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும், அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசாலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். முகம் வட்டமாகும், வயிறு பெருக்கும், சர்க்கரையும் பிரஷரும் ஏறும். இவையெல்லாம் ஊரில் பாதிப் பேருக்கு உண்டு. பிரித்துக் காட்டுபவை வேறு: லேசாகத் தட்டினாலே ரத்தம் கட்டுவது, வயிற்றில் விரல் அகலத்துக்கு ஊதா நிறக் கோடுகள், தொடைத் தசை இளைத்துக் கையூன்றாமல் எழ முடியாமை. குழித்தறியிலிருந்து எழ மகனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை வயோதிகம் என்று தள்ளிவிடக் கூடாது. குழந்தையிடம் அடையாளம் இன்னும் தெளிவு: எடை கூடும், உயரம் நின்றுவிடும்.

ஆனால் தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட முகத்தோடு வருபவரிடம் முதலில் தேட வேண்டியது கட்டியை அல்ல, ஸ்டீராய்டை. மூட்டு வலிக்கென்று மருந்துக்கடையில் கொடுக்கும் கலர் மாத்திரைகளில், உடம்பு போடுவதற்கென்று வாங்கும் மாத்திரைகளில், பெயரில்லாத லேகியத்தில், சூரணத்தில் டெக்ஸாமெத்தசோனோ பீட்டாமெத்தசோனோ இருப்பது புதிதல்ல. படர்தாமரைக்கும் முகம் வெளுக்கவும் தடவும் களிம்புகளில் குளோபெட்டசால் என்னும் வீரியமான ஸ்டீராய்டு உண்டு. இவர்களின் ரத்தத்தில் கார்ட்டிசாலும் ஏ.சி.டி.எச்.சும் தரைமட்டத்தில் இருக்கும். உருவத்தைப் பார்த்தால் கஷிங், எண்ணைப் பார்த்தால் நேர்மாறு. இந்தப் பொருத்தமின்மையைக் கண்டுகொள்பவர்தான் நல்ல மருத்துவர்.

ஸ்டீராய்டு இல்லை என்று உறுதியானால் நள்ளிரவை ஒட்டி 1 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் கொடுத்துக் காலை 8 மணிக்குக் கார்ட்டிசால் பார்க்கிறார்கள். 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே அடங்க வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்கும், வலிப்புக்குப் பெனிடாயினோ கார்பமாசெபினோ சாப்பிடுபவருக்கும் அந்த மாத்திரை உடலில் வேகமாகக் கரைந்துபோய், நோயில்லாமலே அடங்காது. கருத்தடை மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரஜனும் கார்ட்டிசால் எண்ணை ஏற்றிவிடும். குடிப்பழக்கமும் கடும் மனச்சோர்வும் கஷிங் போலவே நடிக்கும். அதனால் ஒரு சோதனையை நம்பாமல், இரவு உமிழ்நீர்க் கார்ட்டிசால், 24 மணி நேரச் சிறுநீர் என்று குறைந்தது இரண்டில் ஒத்துப்போக வேண்டும் என்கிறார்கள். ஏ.சி.டி.எச். ரத்தமோ சட்டென்று சிதைந்துவிடும் இயல்புடையது. பனிக்கட்டியில் வைத்துக் குளிர்நிலையில் பிரிக்க வேண்டும். காஞ்சிபுரத்தில் எடுத்து, வெயிலில் பைக்கில் ஏறி, மாலையில் சென்னை சேரும் குப்பியில் கிடைக்கும் எண்ணை வைத்து யாருடைய தலையெழுத்தையும் எழுதக் கூடாது.

இவ்வளவும் தாண்டி வந்தபின் எம்.ஆர்.ஐ. எடுத்தால் கஷிங் கட்டிகளில் கணிசமான பங்கு படத்தில் தெரிவதே இல்லை. தெரிவதும் உண்மைதானா என்ற கேள்வி மிஞ்சும்: 1994-ல் வெளியான ஓர் ஆய்வில் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த 100 பேரைப் படமெடுத்தபோது 10 பேருக்குப் பிட்யூட்டரியில் புள்ளி காணப்பட்டது. சந்தேகம் தீர, தொடை ரத்தநாளம் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, பிட்யூட்டரியிலிருந்து வடியும் சிரைகளில் இருபுறமும் ரத்தம் எடுத்து, கையிலிருந்து எடுத்த ரத்தத்தோடு ஒப்பிடுகிறார்கள். ஏ.சி.டி.எச். அங்கே இரண்டு மடங்கோ, தூண்டல் ஊசிக்குப் பின் மூன்று மடங்கோ இருந்தால் ஊற்று பிட்யூட்டரிதான். தேர்ந்த கைகள் வேண்டும் இந்தச் சோதனை நாட்டில் சில மையங்களில் மட்டுமே நடக்கிறது.

சுரப்பு கூடும் நோய்களைப் பற்றிப் பேசும்போது குறையும் நோயை மறந்துவிடுகிறோம். கட்டி பெரிதாகி நல்ல பகுதியை நசுக்கினால் தைராய்டுக்குப் போகும் உத்தரவு நின்றுபோகும். இங்கே ‘தைராய்டு டெஸ்ட்’ என்றால் பெரும்பாலும் டி.எஸ்.எச். மட்டும். பிட்யூட்டரியே பழுதாகியிருக்கும்போது டி.எஸ்.எச். நார்மல் என்றே வரக்கூடும், தைராக்சினோ கீழே கிடக்கும். ‘தைராய்டு நார்மல்’ என்ற சீட்டோடு சோர்வும் குளிரும் மலச்சிக்கலுமாக ஆண்டுக்கணக்கில் அலைபவர்கள் இதனால்தான். கட்டற்ற தைராக்சினையும் (ஃப்ரீ டி4) சேர்த்து அளந்தால் பிடிபட்டுவிடும். பிடிபட்டபின் இன்னொரு எச்சரிக்கை: கார்ட்டிசாலும் குறைந்திருக்கிறதா என்று பார்த்து, அதை ஈடுசெய்த பிறகே தைராக்சின் மாத்திரை தொடங்க வேண்டும். மாற்றிச் செய்தால் உயிருக்கே ஆபத்து. உப்பு குறைந்து மயங்கிக் கிடக்கும் முதியவருக்கு உப்புத் தண்ணீர் ஏற்றி அனுப்பிவிட்டு, அடுத்த மாதம் அதே நிலையில் மறுபடி சேர்ப்பது பல மருத்துவமனைகளில் நடப்பது. ஒருமுறையாவது காலைக் கார்ட்டிசால் பார்க்க வேண்டும்.

சுரப்பு குறைந்தாலே கட்டிதான் என்றும் சொல்ல முடியாது. பிரசவத்தில் ரத்தம் கொட்டி பிட்யூட்டரி கருகிப்போவதை மருத்துவர் ஷீஹன் 1937-ல் விவரித்தார். காஷ்மீரில் 2005-ல் வெளியான ஆய்வு, பிள்ளை பெற்ற 20 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் சுமார் 3 விழுக்காட்டினருக்கு அது இருப்பதாகக் கணித்தது. கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்களிலும் சிலருக்கு இது நேர்கிறது; மியான்மர், இலங்கை, தென்னிந்தியா ஆகிய இடங்களிலிருந்து பதிவுகள் உண்டு. கேட்க வேண்டிய கேள்வி எளிது: பிரசவத்துக்குப் பின் பால் சுரந்ததா, தீட்டு திரும்ப வந்ததா?

எம்.ஆர்.ஐ. என்றாலே எல்லாம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. தலைவலிக்கு எடுக்கும் சாதாரண மூளை எம்.ஆர்.ஐ.யில் வெட்டுகள் தடிமனாக இருக்கும், சிறு கட்டி இடையில் நழுவிவிடும். பிட்யூட்டரிக்கென்றே மெல்லிய வெட்டுகளில், சாயம் ஏற்றி, சாயம் ஏறும் வேகத்தைப் பார்த்து எடுக்க வேண்டும். அறிக்கையில் ‘பிட்யூட்டரி பருத்துள்ளது’ என்று வந்தாலும் அவசரப்படக் கூடாது. பருவமடையும் பெண்ணுக்கும் கர்ப்பிணிக்கும் அது இயல்பாகவே பருக்கும். நெடுநாள் கவனிக்காத தைராய்டு குறைபாட்டில் கட்டியைப் போலவே வீங்கி நிற்கும், தைராக்சின் கொடுத்தால் சில மாதங்களில் வற்றிவிடும். டி.எஸ்.எச். பார்க்காமல் அறுவைக்குப் போன துயரங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

நம் நாட்டில் மறக்கக் கூடாத இன்னொரு வேடதாரி காசநோய். பிட்யூட்டரிப் பள்ளத்தில் வளரும் காசநோய்க் கட்டி படத்தில் அடினோமா போலவே இருக்கும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இப்படி 18 பேரின் விவரங்களை 2000-ல் வெளியிட்டார்கள். அறுவைக்குப் பின் திசுவை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே இது பெரும்பாலும் தெரியவருகிறது. பிட்யூட்டரிக் காம்பு தடித்திருந்தால், மூளை உறை ஒளிர்ந்தால், நெஞ்சுப் படத்தில் தழும்பு இருந்தால் சந்தேகம் எழ வேண்டும். கர்ப்பத்தையொட்டி வரும் பிட்யூட்டரி அழற்சியும் இப்படியே ஏமாற்றும். ரத்தநாள வீக்கம் ஒன்றைக் கட்டி என்று நினைத்து ஊசி குத்தினால் என்ன ஆகும் என்று சொல்லவே அச்சமாக இருக்கிறது. அதனால்தான் அனுபவமுள்ள கதிரியல் மருத்துவரின் கண் இதில் இன்றியமையாதது.

காஞ்சிபுரத்தில் ‘கட்டி’ என்றவுடன் பலருக்கு நினைவு வருவது காரப்பேட்டை. இந்த மண்ணில் பிறந்த அண்ணா 1969-ல் புற்றுநோயால் மறைந்தார். அவர் பெயரில் அங்கே நிற்கும் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை எத்தனையோ ஏழைகளுக்குத் துணை. ஆனால் பிட்யூட்டரிக் கட்டிக்காரர் அங்கே போக வேண்டியவரல்ல. அவருக்கு நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், கண் மருத்துவர், நரம்பியல் அறுவை மருத்துவர் மூவரும் ஒன்றாக வேண்டும். கிழக்கே சென்னை, மேற்கே வேலூர், இரண்டும் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். 1949-ல் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கியது வேலூர் சி.எம்.சி.யில். அடுத்த ஆண்டே பி. ராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கினார். நாட்டின் இந்தத் துறை பிறந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் இருந்துகொண்டு, பட்டுக்கடைப் பை நிறைய ரிப்போர்ட்டோடு கண்ணாடிக் கடைக்கும் சர்க்கரை டாக்டருக்கும் எலும்பு டாக்டருக்கும் அலைபவரை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. ஒவ்வொருவரும் தம் பங்கு ரிப்போர்ட்டை மட்டும் பார்க்கிறார்கள். மொத்தப் பையையும் கொட்டிப் பார்க்க யாருமில்லை. கூலிக்கு நெய்பவர் சென்னைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் தறி நிற்கும், கூலியும் நிற்கும் என்பதால் மூன்றாவது முறை போகாமலே இருந்துவிடுகிறார்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அந்த வாசலிலேயே சில கேள்விகளைச் சேர்க்கலாம்: மெட்டி, செருப்பு, தீட்டு, பால், ஓரப்பார்வை. முப்பது வயதில் பிரஷரும் சர்க்கரையும் சேர்ந்து வந்தவரிடமாவது கேட்கலாம். ஆம் என்று பதில் வந்தால் எல்லோரையும் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டாம். முதலில் மாத்திரை அட்டைகள், பிறகு ஹார்மோன்கள், கடைசியில் படம் என்ற வரிசையைக் காப்பாற்றினாலே பாதித் தவறு குறையும். இன்று வரிசை தலைகீழாக இருக்கிறது. படம் எடுப்பது எளிதாகிவிட்டதால் படம் முதலில் வருகிறது, கேள்வி பின்னால் வருகிறது, சிலசமயம் வருவதே இல்லை.

தொலைமருத்துவத்துக்கு இ-சஞ்சீவனி இருக்கிறது. மாவட்ட மருத்துவமனையிலிருந்தே ரிப்போர்ட்டுகளை நிபுணரிடம் காட்டி, யார் எப்போது பஸ் ஏற வேண்டும் என்று கேட்டுவிடலாம். திடீரென்று இடி விழுந்தது போன்ற தலைவலி, வாந்தி, இரட்டைப் பார்வை, இமை தொங்கல் என்று வருபவருக்குக் கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். அவரை ஒற்றைத் தலைவலி என்றோ மூளைக்காய்ச்சல் என்றோ படுக்கவைக்காமல், ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டு அன்றே அனுப்ப வேண்டும். ஓரப்பார்வை குறைந்துவருபவர் அந்த வாரமே போக வேண்டும். நரம்பு நார்கள் மெலிவதற்கு முன் அழுத்தம் நீங்கினால் பார்வை பெருமளவு திரும்பும், மெலிந்தபின் கட்டியை எடுத்தாலும் முழுதாகத் திரும்புவது அரிது. நாலு மில்லிமீட்டர் புள்ளியும் நார்மலான ஹார்மோன்களும் உள்ளவர் எங்கும் போக வேண்டாம், ஒரு வருடம் கழித்து இன்னொரு படம் எடுத்துப் பார்த்தால் போதும். இந்த மூன்று பேரையும் பிரித்துச் சொல்லும் கடிதத்தைக் காஞ்சிபுரத்திலேயே எழுத முடியும்.